மலையில் கண்ட பூச்செடி புதிய சிற்றினமா? சேகரிப்பு முதல் பெயர் வெளியாவது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மலைகளில் அடையாளம் தெரியாத ஒரு பூச்செடியைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் பெயர் யோசிக்கிறார்கள். அடுத்துக் கட்டுரை எழுதுகிறார்கள். கையில் ஒழுங்கான மாதிரி இல்லை என்பது கடைசியில்தான் தெரிகிறது. அதற்குள் பூக்காலம் முடிந்து, காட்டில் சருகு மட்டும் மிஞ்சியிருக்கும்.

பெயர் வைப்பது அரை மணி நேர வேலை. அந்தச் செடிக்கு முன்பே வேறு யாரும் பெயர் வைத்துவிடவில்லை என்று உறுதிப்படுத்தத்தான் மாதங்களும் ஆண்டுகளும் ஆகின்றன. கீழே உள்ள படிகளின் வரிசை அதற்கேற்ப அமைந்தது. வரிசையை மாற்றினால் பின்னால் ஏதாவது ஒரு படிக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

விளக்க வசதிக்காக ஒரு கற்பனைச் செடி: வத்தல்மலைச் சரிவில், செம்முள்ளி சேர்ந்த பார்லேரியா பேரினத்தில், எந்தப் புத்தகத்தோடும் பொருந்தாத ஒன்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்.

1. அனுமதி: மழைக்கு முன்பே விண்ணப்பியுங்கள்

இந்த இரு மாவட்டங்களிலும் ஆய்வுக்கு உகந்த மலைக்காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. மேலகிரி மலைத்தொடரில் 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும் அடங்கும். இங்கே ஓர் இலையை அனுமதியின்றிப் பறித்தாலும் அது சட்டமீறல்தான். அதைவிட நடைமுறைத் தொல்லை ஒன்று உண்டு: அனுமதி எண் கேட்கும் இதழ்கள் இப்போது பெருகிவிட்டன. அனுமதியில்லாமல் எடுத்த மாதிரியை வைத்துக்கொண்டு எந்தக் கட்டுரையும் நகராது.

விண்ணப்பம் உங்கள் கல்லூரி அல்லது நிறுவனத்தின் வழியாக வனத்துறையின் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். நகல் உரிய வனக்கோட்டத்துக்கு. சித்தேரி என்றால் அரூர், அஞ்செட்டி என்றால் ஓசூர் என்று கோட்டம் மாறும். பதில் வர மாதங்கள் ஆகலாம். ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும் செடிக்குச் சித்திரையிலேயே எழுதிவிடுவது நல்லது.

விண்ணப்பத்தில் 'சில செடிகள்' என்று எழுதாதீர்கள். எந்தப் பேரினம், ஓரிடத்தில் எத்தனை கிளைகள், வேரோடு எடுக்கப்படுமா, மாதிரி எந்த ஹெர்பேரியத்துக்கு (உலர்த்திய தாவர மாதிரிகளின் காப்பகத்துக்கு) போகும் என்று எழுதினால் அதிகாரி முடிவெடுப்பது எளிது.

மேலகிரியிலும் பென்னாகரம் பக்கத்துக் காடுகளிலும் யானை நடமாட்டம் உண்டு. வனக்காவலர் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். குனிந்து பூவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் சுற்றுப்புறத்தைக் கவனிப்பதில்லை. கவனிக்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை

கட்டைச் சட்டமும் வாரும் கொண்ட அழுத்தி, நிறையப் பழைய செய்தித்தாள், கத்தரி, சிறு மண்வெட்டி, பத்து மடங்கு உருப்பெருக்கும் கைலென்ஸ், அளவுகோல், ஜி.பி.எஸ். அல்லது அந்தச் செயலி உள்ள கைபேசி, கெட்டி அட்டை போட்ட குறிப்பேடு, பென்சில். பேனா வேண்டாம், மழையில் மை கரையும், ஆல்கஹாலில் கட்டாயம் கரையும்.

பூக்களை முழு வடிவில் வைக்க எழுபது சதவீத எத்தனால் நிரப்பிய சிறு குப்பிகள். டி.என்.ஏ. ஆய்வுக்கு இலைத்துண்டு வைக்க சிலிக்கா ஜெல் போட்ட பைகள். டி.என்.ஏ. ஆய்வுக்குப் பணம் இல்லையென்றாலும் இலையை எடுத்து வையுங்கள். பிறகு யாராவது செய்ய முன்வரும்போது இலை இருந்தால் போதும்.

3. முதல் சல்லடை: தோட்டத்திலிருந்து தப்பி வந்ததா?

உள்ளூர்ப் புத்தகத்தில் இல்லாத செடி எல்லாம் புதிய செடி ஆகிவிடாது. ஓசூர் வட்டாரம் மலர் சாகுபடிக்குப் பேர்போனது, நாற்றங்கால்களும் ஏராளம். அங்கிருந்து அழகுச்செடிகள் தேன்கனிக்கோட்டைச் சாலையோரம், ஏரிக்கரை, காட்டின் விளிம்பு என்று பரவுகின்றன. உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதானே. நேற்று வந்த தென்னமெரிக்கக் களை ஒன்றுக்குத் தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இடம் இருக்காது.

ஆகவே முதல் கேள்வி, செடி எங்கே நிற்கிறது என்பது. சாலை, குப்பைமேடு, கைவிட்ட தோட்டம் ஆகியவற்றுக்கு அருகில் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். மனிதத் தலையீடு குறைந்த பாறைச் சரிவிலும் புல்வெளியிலும், சுற்றிலும் உள்ளூர்ச் செடிகளோடு நின்றால் அடுத்த படிக்குப் போகலாம். பார்லேரியாவிலேயே தோட்டத்துக்காக வளர்க்கப்படுபவை பல உண்டு என்பதால் இந்தச் சல்லடையை நம் கற்பனைச் செடியும் தாண்டியாக வேண்டும்.

4. சேகரிப்பு: ஒரே நாள், ஒரே இடம், ஒரே எண்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். காரணத்தோடு புரிந்துகொண்டால் மறக்காது. புதிய பெயர் ஒன்று எந்த மாதிரியைச் சார்ந்து நிற்கிறதோ அது ஹோலோடைப். பன்னாட்டுத் தாவரப் பெயரிடல் விதிப்படி அது ஒரே நேரத்தில், ஒரே சேகரிப்பில் எடுத்ததாக இருக்க வேண்டும். கார்த்திகையில் எடுத்த பூங்கிளையையும் தை மாதம் எடுத்த காய்க்கிளையையும் ஒரே தாளில் ஒட்டி ஹோலோடைப் என்று சொல்ல முடியாது. அவை இரண்டு சேகரிப்புகள், இரண்டு சேகரிப்பு எண்கள்.

அதனால் பூவும் காயும் சேர்ந்திருக்கும் நாளைப் பிடிக்கப் பாருங்கள். பார்லேரியாவில் இது கடினமில்லை. மஞ்சரியில் (பூங்கொத்தில்) கீழே வெடிகனி முற்றும்போது நுனியில் இன்னும் பூ வந்துகொண்டிருக்கும். பூக்காலத்தின் பிற்பகுதியில் போனால் இரண்டும் ஒரே கிளையில் கிடைக்கும். பூ விரைவில் உதிர்ந்துவிடுவதால் காலையிலேயே செடியருகே இருங்கள்.

ஒரே சேகரிப்பில் ஐந்தாறு தாள்களுக்கு வேண்டிய கிளைகள் எடுங்கள். ஒன்று ஹோலோடைப் ஆகும். மற்றவை ஐசோடைப் என்ற பெயரில் வேறு ஹெர்பேரியங்களுக்குப் போகும். ஒரு கட்டடத்தில் தீயோ பூச்சியோ புகுந்தாலும் இன்னொரு நகரில் அதே சேகரிப்பு இருக்கும்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். பத்துப் பதினைந்து செடிகளே நிற்கும் இடத்தில் வேரைத் தொடாதீர்கள். செடிக்கு ஒரு கிளை, அதுவும் எல்லாச் செடியிலும் அல்ல. கிழங்குள்ள செடி என்றால் கிழங்கை அளந்து, படமெடுத்து, மீண்டும் மண்ணில் புதைத்துவிடுங்கள். சிற்றினத்தை விவரிக்கப் போனவரே அதை அழித்துவிட்டு வந்தார் என்ற பெயர் வேண்டாம்.

5. குறிப்பேடு: உலர்ந்தபின் தெரியாதவற்றை மட்டும் எழுதினாலே போதும்

இலையின் நீளத்தை மலையில் நின்று அளக்க வேண்டியதில்லை. அது தாளிலும் இருக்கும். உலர்ந்தால் மறைந்துவிடும் விவரங்களைத்தான் அங்கே எழுத வேண்டும். பூவின் நிறம், தொண்டைப் பகுதியின் நிறம், மணம், பால் அல்லது பிசின் வடிகிறதா, செடியின் உயரம், கிளைக்கும் விதம், தண்டு தரையில் படர்கிறதா, பூ எந்த நேரத்தில் விரிகிறது, எந்தப் பூச்சி வருகிறது.

அடுத்து இடம்: மாவட்டம், வட்டம், மலை, பக்கத்து ஊர், ஆயத்தொலைவுகள், கடல் மட்டத்திலிருந்து உயரம், மண், பாறை, நிழல், கூட நிற்கும் செடிகள், கண்ணுக்குத் தெரிந்த செடிகளின் எண்ணிக்கை. எண்ணிக்கையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அழிவு நிலையை மதிப்பிடும் கட்டத்தில் அதற்காகவே மீண்டும் மலையேற வேண்டிவரும்.

வத்தல்மலையிலும் சித்தேரியிலும் மலையாளி மக்கள், அஞ்செட்டி பக்கம் இருளர் மக்கள் செடிகளை நன்கு அறிந்தவர்கள். பெரியவர் ஒருவரிடம் செடியைக் காட்டி, 'ஐயா, இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? ஆடு கடிக்குமா? வேறு எங்கே இருக்கும்?' என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். நீங்கள் ஓரிடத்தில் மட்டும் பார்த்ததை அவர் அடுத்த மூன்று சரிவுகளிலும் பார்த்திருப்பார். மருந்துப் பயன்பாட்டைச் சொன்னால், அவர் சம்மதம் இல்லாமல் அதைக் கட்டுரையில் போடாதீர்கள்.

6. உலர்த்தல்

அன்று மாலையே அழுத்தியில் வையுங்கள். பூவில் ஒன்றிரண்டைப் பிளந்து உட்புறம் தெரியும்படி, இலையில் ஒன்றிரண்டைத் திருப்பி அடிப்புறம் தெரியும்படி பரப்புங்கள். ஒட்டிய பிறகு இலையைத் திருப்ப முடியாது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தாளை தினமும், முதல் இரண்டு நாள் இரண்டு வேளையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இலை கறுத்து உதிரும். சதைப்பற்றுள்ள செடியைக் கொதிநீரில் ஒரு கணம் முக்கியெடுத்தால் செல்கள் இறந்து விரைவில் உலரும். இல்லாவிட்டால் அழுத்திக்குள்ளேயே தளிர் விடும்.

பழைய முறைப்படி பாதரச உப்புக் கரைசலில் முக்குவது நஞ்சு. வீட்டிலோ கல்லூரி ஆய்வகத்திலோ முயல வேண்டாம். நன்கு உலர்ந்த மாதிரிகளைப் பாலித்தீன் பையில் இறுக்கி உறைபெட்டியில் சில நாள் வைத்தால் பூச்சி சாகும்.

7. திறவுகோலில் ஓட்டிப் பார்த்தல்

இப்போதுதான் புத்தகம். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. பழையதானாலும் அதன் திறவுகோல்கள், அதாவது பண்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செடியின் பெயரை அடைய உதவும் பட்டியல்கள், இன்றும் பயன்படுகின்றன. நம் கிழக்கு மலைகளுக்கு கே.எம்.மேத்யூவின் தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவர நூல் இன்னும் நெருக்கமானது.

இந்த இரண்டோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான பிழை. மேலகிரிக்கு அப்பால் காவிரிக்கு அக்கரையில் கர்நாடகக் காடு, வடக்கே ஆந்திரம். மாநில எல்லையைச் செடி மதிப்பதில்லை. கர்நாடக, ஆந்திரத் தாவர நூல்களையும் அந்தப் பேரினத்துக்கு இந்திய அளவில் வந்த மறுஆய்வு நூலையும் பாருங்கள். கியூ தாவரவியல் தோட்டத்தின் 'பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்டு ஆன்லைன்' தளத்தில் அந்தப் பேரினத்துக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள எல்லாப் பெயர்களையும் எடுத்து ஒரு பட்டியலாக்குங்கள். கடந்த பத்து, இருபது ஆண்டுகளில் விவரிக்கப்பட்டவை எந்தப் புத்தகத்திலும் இராது. இந்தப் பட்டியலில் இருக்கும்.

8. ஹெர்பேரியத்தில்: இந்த வழிகாட்டியின் நடுப்புள்ளி

படத்தை வைத்து ஒப்பிட்டு 'பொருந்தவில்லை' என்று முடிவு செய்வது போதாது. இணையத்தில் உள்ள படங்கள் பலவற்றுக்குப் பெயரே தவறு. ஒப்பிட வேண்டியது வகை மாதிரிகளோடு, அதாவது ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரமான அந்த ஒரு தாளோடு.

முதலில் கோயம்புத்தூர். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. மதராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். அடுத்து திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம். மேத்யூ குழுவினர் நம் மலைகளில் எடுத்த தாள்களை அங்கே பார்க்கலாம். முன்கூட்டியே கடிதம் எழுதி, தேதி வாங்கிக்கொண்டு, உங்கள் மாதிரியின் ஒரு பிரதியோடு போங்கள். 'புதிய செடி கண்டுபிடித்திருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு நுழையாதீர்கள். 'அடையாளம் காண முடியவில்லை, உதவ வேண்டும்' என்று போனால் அங்குள்ளவர்கள் பழைய கட்டுகளை எல்லாம் இறக்கிக் காட்டுவார்கள்.

பேரினத்தின் பெயர் போட்ட உறையோடு நின்றுவிடாமல், 'அடையாளம் காணப்படாதவை' என்ற கட்டையும் கேளுங்கள். உங்கள் செடியை எண்பது ஆண்டுக்கு முன்பே ஒருவர் எடுத்து, பெயரிடாமல் வைத்திருக்கக்கூடும். அது கிடைத்தால் பரவல் பற்றிய பெரிய சான்று.

பழைய லேபிள்களைத் தேடும்போது ஊர்ப்பெயர் விஷயத்தில் ஏமாறாதீர்கள். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2 அன்று. கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9 அன்று. 1965க்கு முந்தைய லேபிள்களில் இந்த மலைகள் எல்லாம் சேலம் மாவட்டம்; அதன்பின் 2004 வரை கிருஷ்ணகிரி மலைகளும் தருமபுரி மாவட்டம்தான். தரவுத்தளத்தில் 'கிருஷ்ணகிரி' என்று மட்டும் தட்டிவிட்டு 'முன்பதிவு எதுவும் இல்லை' என்று எழுதுவது கேலிக்கு இடம் தரும். சேலம், தருமபுரி, இப்பகுதியின் பழைய பெயரான பாராமகால், ஆங்கிலேயர் எழுதிய விதவிதமான எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் தேடுங்கள்.

பிறகு வெளிநாட்டுத் தாள்கள். பார்லேரியா அடங்கும் அகாந்தேசி குடும்பத்தில் பழைய இந்தியப் பெயர்கள் பல ஜெர்மானியத் தாவரவியலாளர் நீஸ் வைத்தவை. இந்தியாவில் செடிகள் சேகரித்த வாலிச், வைட் போன்றோரின் தாள்களைப் பார்த்து வைத்தார். அத்தாள்கள் கியூவிலும் எடின்பரோவிலும் உள்ளன. பெரும்பாலானவை உயர்தரப் படங்களாக இணையத்தில் இருக்கின்றன. ஜேஸ்டோர் குளோபல் பிளான்ட்ஸ் தளத்திலும் தேடலாம்.

இந்தப் படியில் பலரும் தாண்டிச் செல்வது ஒத்தபெயர்களை, அதாவது ஒரே சிற்றினத்துக்கு வைக்கப்பட்ட மற்றப் பெயர்களை. ஏற்கப்பட்ட சிற்றினம் ஒன்றின்கீழ் நான்கைந்து பழைய பெயர்கள் ஒத்தபெயராக அடக்கப்பட்டிருக்கும். அப்படி அடக்கப்பட்ட பெயர் ஒன்றின் வகை மாதிரிதான் உங்கள் செடியாக இருக்கலாம். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது அந்தப் பழைய பெயரை உயிர்ப்பிப்பது. புதுப்பெயர் சூட்டினால் பழைய பெயருக்கு இன்னொரு ஒத்தபெயர் சேரும், அவ்வளவுதான். ஏற்கப்பட்ட பெயர்களை மட்டும் ஒப்பிட்ட கட்டுரையை நல்ல மதிப்பாய்வாளர் முதல் பக்கத்திலேயே திருப்பிவிடுவார்.

9. வேறுபாடு போதுமா?

எத்தனை வேறுபாடு இருந்தால் புதிய சிற்றினம் என்று எண்ணிக்கை எதுவும் கிடையாது. ஒன்றோடொன்று சார்பில்லாத இரண்டு மூன்று பண்புகள், எல்லாச் செடியிலும், முடிந்தால் இரண்டு இடங்களிலாவது, சேர்ந்தே வர வேண்டும். இலை பெரியது, செடி உயரம், பூ கொஞ்சம் வெளிர் நிறம் என்பவை நிழலுக்கும் ஈரத்துக்கும் மாறுபவை.

நம் மலைகளில் இன்னும் இரண்டு காரணங்கள் செடியின் தோற்றத்தை மாற்றுகின்றன: ஆடும் நெருப்பும். ஆடு மேய்ந்த செடி குட்டையாக, நெருக்கமாகக் கிளைத்து, வேறு அளவு இலை விடும். கோடைத் தீ கடந்த புல்வெளியில் அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பது இயல்பான செடி மாதிரியே இருக்காது. மேயாத, எரியாத இடத்திலும் அதே பண்பு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

பார்லேரியாவில் பூ அமைப்பையும் விதையையும் பார்ப்பது பயன்தரும். வெளிப்புல்லி இரண்டும் பெரியவை, உட்புல்லி இரண்டும் சிறியவை. அவற்றின் வடிவம், விளிம்புப் பற்கள், மயிர்த்தூவிகள், பூக்காம்புச் செதில் முள்ளாக மாறியுள்ளதா, வளமான மகரந்தத்தாள்களும் வளமற்றவையும் எத்தனை, வெடிகனியில் விதை இரண்டா நான்கா. விதையைச் சொட்டு நீரில் போட்டால் ஒட்டியிருந்த மயிர்கள் சிலிர்த்து எழும். அந்த மயிர்களின் பரவலும் ஒப்பிடத் தக்கது.

டி.என்.ஏ. வரிசை கட்டாயமில்லை. இருந்தால் டி.என்.ஏ. வரிசைகளுக்கான பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் பதிந்து எண்ணைக் கொடுங்கள். உருவத்தில் வேறுபாடு ஒன்றும் காட்ட முடியாமல் வரிசையை மட்டும் நம்பி ஒரு பூச்செடியைப் பிரிப்பதை நான் தவிர்ப்பேன். மலையில் கைலென்ஸோடு நிற்பவருக்கு அது உதவாது.

10. விவரிப்பு எழுதுதல்

இரண்டு பகுதிகள் வேண்டும். ஒன்று வேறுபாட்டுக் குறிப்பு: நெருங்கிய சிற்றினத்தைப் பெயர் சொல்லி, எதில் ஒத்திருக்கிறது, எதில் வேறுபடுகிறது என்று இரண்டு மூன்று வரி. மற்றொன்று முழு விவரிப்பு. பெயர் செல்லுபடியாக விதிப்படி இவற்றில் ஒன்று போதும். இரண்டையும் எழுதுவதே வழக்கம். 2012 ஜனவரி 1 முதல் இது லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். தமிழில் மட்டும் எழுதினால் பெயர் செல்லாது. தமிழ் விவரிப்பைத் தனியாக, பிறகு வெளியிடுங்கள்.

வரிசை மாறக்கூடாது: வளரியல்பு, தண்டு, இலை, மஞ்சரி, பூவடிச்செதில், புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம், கனி, விதை. ஒவ்வோர் உறுப்புக்குள்ளும் வடிவம், அளவு, அடி, விளிம்பு, நுனி, மேற்பரப்பு. வாசகர் இரண்டு சிற்றினங்களை வரிக்கு வரி ஒப்பிட இந்த ஒழுங்கு வேண்டும்.

உலர்ந்த பூவை வெந்நீரில் சில நிமிடம் ஊறவைத்தால் விரியும். ஒரு துளி பாத்திர சோப்புத் திரவம் சேர்த்தால் இன்னும் எளிது. பல செடிகளில், பல பூக்களில் அளந்து, குறைந்த அளவும் கூடிய அளவும் கொடுங்கள். ஒரே பூவை அளந்து 'அல்லி 32 மி.மீ.' என்று எழுதுவதும், பச்சையாக அளந்ததையும் உலர்ந்ததில் அளந்ததையும் கலப்பதும் அடிக்கடி காணும் பிழைகள். உலர்ந்தால் பூ சுருங்கும்; எதில் அளந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

நெருங்கிய சிற்றினங்களோடு ஓர் ஒப்பீட்டு அட்டவணை, அந்தப் பகுதிச் சிற்றினங்களுக்கு ஒரு திறவுகோல் இரண்டையும் சேர்த்தால் கட்டுரைக்கு ஆயுள் கூடும். அட்டவணையில் நெருங்கிய சிற்றினத்தின் அளவுகளைப் புத்தகத்திலிருந்து பெயர்க்காமல், தாளில் நீங்களே அளந்து எழுதுங்கள்.

11. பெயர்

இப்போது யோசிக்கலாம். பன்னாட்டுத் தாவரப் பெயர்ச் சுட்டான ஐ.பி.என்.ஐ.யில் அந்தப் பேரினத்தின்கீழ் அதே சிற்றினப் பெயர் எப்போதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்த பெயர் இன்று ஒத்தபெயராக ஒதுக்கப்பட்டிருந்தாலும் மீண்டும் பயன்படுத்த முடியாது.

அடுத்தது, லத்தீன் இலக்கணப்படி பேரினப் பெயரோடு பால் பொருத்தம். பார்லேரியா பெண்பால், ஆகவே ஊர்ப்பெயரிலிருந்து வருவது 'மேலகிரியென்சிஸ்' என முடியும். நடுப்பால் பேரினத்தில் 'மேலகிரியென்சே'. நம் வறண்ட மலைகளில் காணும் கிழங்குச்செடிப் பேரினமான பிராக்கிஸ்டெல்மா 'ஆ'வில் முடிவதால் பெண்பால் என்று நினைத்தவர்கள் பலர், அது நடுப்பால். எந்தப் பேரினத்தின் பாலையும் ஊகிக்காமல் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மனிதர் பெயரில் வைத்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் விகுதி வேறு. பெயர் உயிரொலியில் முடிகிறதா மெய்யொலியில் முடிகிறதா என்பதும் விகுதியை மாற்றும். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை. ஆனால் அந்தத் துறையில் யாரும் அதை மதிப்பதில்லை. செடியின் பண்பையோ மலையின் பெயரையோ வைப்பதே என் விருப்பம். ஒரு மாவட்டப் பெயரை வைத்தபின் செடி பக்கத்து மாவட்டத்திலும் நிறையக் கிடைப்பது சாதாரணம். மலைப்பெயர் அவ்வளவு சீக்கிரம் பொய்க்காது.

12. ஹோலோடைப்பை எழுதும் விதம்

பெயர் செல்லாமல் போவதற்கு அதிகக் காரணம் இந்த ஒரு பத்திதான். 'ஹோலோடைப்' என்ற சொல் அச்சில் இருக்க வேண்டும். அது இருக்கும் ஒரே ஒரு ஹெர்பேரியத்தின் பெயரும் இருக்க வேண்டும். இவை 1990 ஜனவரி 1 முதல் கட்டாயம். படத்தை ஹோலோடைப்பாக வைக்கும் வழி பூச்செடிகளுக்கு 2007 முதல் அடைபட்டுவிட்டது.

இரண்டு ஹெர்பேரியங்களைக் குறிப்பிட்டு 'ஹோலோடைப்' என்று ஒருமையில் எழுதாதீர்கள். 'எங்கள் கல்லூரியில் உள்ளது' என்று மொட்டையாகவும் எழுதாதீர்கள். மாதிரியை முன்கூட்டியே ஒப்படைத்து, ஹெர்பேரியம் தரும் சேர்க்கை எண்ணை வாங்கி, சேகரித்தவர் பெயர், சேகரிப்பு எண், தேதி ஆகியவற்றோடு எழுதுங்கள். கட்டுரையில் உள்ள தேதியும் தாளின் லேபிளில் உள்ள தேதியும் வேறுபடுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அனுப்புமுன் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

ஹோலோடைப் உலகறிந்த ஹெர்பேரியம் ஒன்றில் இருப்பதே நல்லது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39ஆவது பிரிவும், புதிதாகக் கண்டறிந்த உயிரினத்தைப் பற்றி அரசு அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்கச் சொல்கிறது. தாவரங்களுக்கான அத்தகைய காப்பகங்களில் ஒன்று இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம்.

13. கோட்டோவியம், அழிவு நிலை

வண்ணப்படம் எத்தனை இருந்தாலும் மையால் வரைந்த கோட்டோவியம் தேவை. மயிர்த்தூவியும் செதில் விளிம்பும் அதில்தான் தெளியும். ஒவ்வொரு பாகத்துக்கும் அளவுக்கோடு போடுங்கள். எந்த மாதிரியைப் பார்த்து வரைந்தது என்று கீழே குறிப்பிடுங்கள்.

அழிவு நிலையில் அவசரப்படுபவர்கள் அதிகம். ஓரிடத்தில்தான் பார்த்தோம் என்பதற்காக 'மிக அருகிய இனம்' என்று போட முடியாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) அளவுகோலில் பரப்பளவு பத்து சதுர கிலோமீட்டருக்குக் கீழ் இருப்பது மட்டும் போதாது; ஒரே இருப்பிடம் அல்லது கடுமையாகத் துண்டுபட்ட பரவல், தொடர்ந்த சரிவு, கடும் ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டையாவது காட்ட வேண்டும். பக்கத்து மலைகளைத் தேடாமல் இருந்தால் 'தரவு போதாது' என்பதே நேர்மையான வகை. பரப்பைக் கணக்கிட ஜியோகேட் என்ற இலவசக் கருவி உதவும்.

ஆர்க்கிட், கள்ளிமுளையான் போன்று சேகரிப்பாளர்கள் தேடும் செடியாக இருந்தால் துல்லியமான ஆயத்தொலைவை அச்சில் போடாதீர்கள். அது ஹெர்பேரியத்திலும் வனத்துறையிலும் இருந்தால் போதும்.

14. எங்கே வெளியிடுவது

ரீடியா, நெலும்போ, ஃபைட்டோடாக்ஸா, ஃபைட்டோகீஸ் போன்றவை இத்துறையில் அறிந்த இதழ்கள். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் பி.டி.எஃப். வடிவமும் ஐ.எஸ்.எஸ்.என். அல்லது ஐ.எஸ்.பி.என். எண்ணும் இருக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் போடும் இதழ்கள் வேண்டாம். அங்கே மதிப்பாய்வு கிடையாது, பிழை அச்சிலேயே உறைந்துவிடும்.

கட்டுரை வருமுன் பெயரைச் செய்தியாளரிடம் சொல்லாதீர்கள். நாளிதழில் வந்த பெயருக்குப் பெயரிடல் விதியில் மதிப்பில்லை. ஆனால் பெயர் வெளியே உலவத் தொடங்கிவிடும், பிறகு நீங்கள் மனம் மாறினால் குழப்பம். ஆய்வேட்டிலும் புதுப்பெயரை எழுத வேண்டாம்; 'பார்லேரியா, சிற்றினம் 1' என்று விட்டுவைப்பதே பாதுகாப்பு.

மலையில் செடியைக் காட்டியவர் உள்ளூர்க்காரராக இருந்தால், அவர் சம்மதத்தோடு ஆசிரியர் வரிசையில் சேர்ப்பதா நன்றிக்குறிப்பில் சேர்ப்பதா என்று அனுப்புமுன் பேசி முடிவு செய்யுங்கள். கண்டுபிடித்தவர் உண்மையில் அவர்தான் என்றால் நன்றிக்குறிப்பு குறைவு.

15. வெளியான பிறகு

கட்டுரையின் பிரதியை ஹோலோடைப் உள்ள ஹெர்பேரியத்துக்கும், ஐசோடைப் பெற்ற மற்றவற்றுக்கும், அனுமதி தந்த வனக்கோட்டத்துக்கும் அனுப்புங்கள். ஊராட்சியின் உயிரியல் பன்முகத்தன்மை மேலாண்மைக் குழுவுக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு போதும்: செடியின் படம், பூக்கும் மாதம், எதற்காகக் காக்க வேண்டும் என்பது. சாலை விரிவாக்கமோ கல் குவாரியோ வரும்போது அந்த ஒரு பக்கம்தான் கோப்பில் இருக்கும். அனுமதிக் கடிதத்தில் அறிக்கை கேட்டிருந்தால் தாமதிக்காதீர்கள். அடுத்த மாணவரின் விண்ணப்பம் அதே மேசைக்குத்தான் போகும்.

பிறகு ஐ.பி.என்.ஐ.யில் பெயர் ஏறிவிட்டதா என்று பாருங்கள். சில வாரங்களில் ஏறாவிட்டால் அவர்களுக்கே கட்டுரையை அனுப்பலாம். அடுத்த பூக்காலத்தில் சித்தேரி, தீர்த்தமலை, பெட்டமுகிலாளம் என்று பக்கத்து மலைகளில் தேடுங்கள். புதிய இடங்களில் கிடைத்தால் தனிக் குறிப்பாக வெளியிட்டு, அழிவு நிலையையும் திருத்துங்கள்.